கிளிநொச்சி பிலாட்டீஸ் வகுப்பு: கர்ப்பிணிகள் போகலாமா?

ஏ9 வீதியை அண்டி, ஒரு வீட்டு விறாந்தையில் நடக்கிற பிலாட்டீஸ் வகுப்பு; மூச்சோடு சேர்த்து வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளைப் பலப்படுத்துகிற உடற்பயிற்சி அது. பதியும்போதே கிளினிக் அட்டையைக் கேட்கிறார்கள். நச்சுக்கொடி கீழே இருந்தாலோ இரத்தக்கசிவு இருந்தாலோ வைத்தியர் சம்மதிக்காமல் சேர்ப்பதில்லை. அதற்கே ஒரு பாராட்டு.

பிள்ளைக்குத் திட்டமிடுகிறவர்களுக்கு 'ஹண்ட்ரட்' உண்டு: மல்லாந்து படுத்து, தலையும் தோளும் உயர்த்தி, 5 எண்ணும்வரை மூச்சு உள்ளே, 5 எண்ணும்வரை வெளியே, 10 சுற்று. வயிறு வளர்ந்தவர்களுக்கு அது இல்லை, சரியான முடிவு. தலை தூக்கும்போது நடுவயிறு கூம்பாகப் புடைத்தால், தசை விலகுகிற கோட்டில் அழுத்தம் ஏறுகிறது. பதிலாக முழங்காலும் கையும் ஊன்றி முதுகை வளைப்பதும், மூச்சை விடும்போது மூத்திரத்தை அடக்குவதுபோல் இடுப்படித் தசையை மேலே இழுப்பதும், 8 தடவை. மூச்சை உள்ளே இழுக்கும்போது அந்தத் தசையை முழுசாகத் தளர்த்த விடாமல் அவசரப்படுத்துகிறார்கள். பிரசவ நேரம் உதவுவது அந்தத் தளர்வுதானே!

பெரிய குறை, 5 மாதம் தாண்டியவர்களையும் நீண்ட நேரம் மல்லாக்கப் படுக்கவிடுவது. கருப்பை பெரிய நாளத்தை அமத்தினால் தலை சுற்றும். இடப்பக்கம் சரிந்து, முழங்கால்களுக்கு நடுவே தலகணி வைக்கக் கேளுங்கள்.

பாய் 6 மில்லிமீற்றர். சீமெந்து நிலத்துக்குக் காணாது, கீழே ஒரு போர்வை மடித்துப் போடுங்கள். மேலே இருந்து பயிற்சி செய்கிற பந்து 65 சென்ரிமீற்றர் மட்டும்தான். 5 அடி உயரக்காரருக்குப் பாதம் பதியாது, 55 வேணும். பின்னேர வகுப்பில் தகரக்கூரை வெக்கை தாங்காது. காலை 6.30 வகுப்புக்கே போங்கள், தண்ணீர்ப் போத்தலோடு.