செத்தும் காட்டிக்கொடுக்காத ஐடியல் டயோடு போர்டு

குன்னூரில் இருக்கும் நண்பர் போனில் கேட்டார்: "அண்ணா, உங்க வீட்ல போட்டிருக்கீங்களே ஐடியல் டயோடு போர்டு, இப்ப விலை நல்லா குறைஞ்சிருக்கு. வாங்கட்டுமா?" அப்போதுதான் அதே போர்டில் சுவிட்ச் வேலை செய்யும் சிப்பான மாஸ்ஃபெட் செத்துப்போனதால் அதைக் கழற்றி வேறு ஒன்று வைத்திருந்தேன். போனில் கோபமாகத்தான் பதில் சொன்னேன். நிதானமாகச் சொல்ல வேண்டியது நிறைய இருப்பதால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு ஊட்டியை அடுத்த லவ்டேல் பக்கம். ஆடிக் காற்றில் ஒரு சீகை மரமோ கற்பூர மரமோ லைனில் சாய்ந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் மோடம், விளக்கு, லேப்டாப் எல்லாம் 12 வோல்ட் லைனில் ஓடுகின்றன. ஒரு பக்கம் 13.8 வோல்ட் அடாப்டர், மறுபக்கம் சோலாரில் ஏறும் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி. இரண்டும் சேரும் இடத்தில் இந்தப் போர்டு. டயோடு மாதிரி கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும், ஆனால் டயோடுக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒரு மாஸ்ஃபெட் இருக்கும். கரண்ட் இருந்தால் அடாப்டர் கொடுக்கும், போனால் அந்த நொடியே பேட்டரி கொடுக்கும். இத்தனை கரண்ட் கட்டிலும் மோடம் ஒருமுறைகூட அணைந்து எரிந்ததில்லை.

சூட்டு விஷயத்தில் இதைக் குறை சொல்லவே முடியாது. முன்பு இதே இடத்தில் இருந்த ஷாட்கி வகை டயோடில் 10 ஆம்ப் போனால் 0.45 வோல்ட் விழும். அதாவது 4.5 வாட் சும்மா சூடாகப் போகும், ஹீட்சிங்கில் கை வைக்க முடியாது. இதில் இருக்கும் மாஸ்ஃபெட்டின் தடை 4 மில்லிஓம். அதே 10 ஆம்புக்கு 0.4 வாட்தான், தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

மலையில் இருப்பவர்களுக்கு இது சின்ன லாபம் இல்லை. மூடுபனி உள்ளே போனால் டெர்மினலில் பச்சை பூத்துவிடும், ஆகவே பெட்டியை இறுக்கி மூடியே ஆகவேண்டும். மூடிய பெட்டியிலிருந்து சூடு சுலபமாக வெளியேறாது. குளிர் ஊர்தானே, எதுவும் சூடாகாது என்று பலர் நினைக்கிறார்கள். சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று மெலிந்தால் அது தூக்கிச் செல்லும் சூடும் குறையும். குளிர் கொடுப்பதில் ஒரு பகுதியை உயரம் திருப்பி எடுத்துக்கொள்கிறது.

சரி, கோபம் எங்கே? போர்டில் '50 ஆம்ப்' என்று அச்சடித்திருக்கிறார்கள். சூடு ஆம்புக்கு நேர்விகிதத்தில் ஏறாது, அதன் வர்க்கத்தில் ஏறும். 20 ஆம்பில் 1.6 வாட், 50 ஆம்பில் 10 வாட். சூடாகச் சூடாக மாஸ்ஃபெட்டின் தடையும் கூடும். 100 டிகிரியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. நகத்தளவு சிப், அடியில் கொஞ்சம் செம்பு, ஹீட்சிங்க் கிடையாது. இதில் 10 வாட்டை எப்படி வெளியேற்றுவது? 15 ஆம்ப் என்று அச்சடித்திருந்தால் நேர்மையாக இருந்திருக்கும்.

அதைக்கூட விட்டுவிடலாம். விற்பனை விவரத்தில் 'ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு' என்று போட்டிருந்தார்கள், அதை மன்னிக்க முடியவில்லை. வாசல் விளக்கின் ஹோல்டரில் மழைநீர் இறங்கி ஷார்ட் ஆனது. லித்தியம் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பைத் தள்ளக்கூடியது. அதன் காவல் சர்க்யூட்டான பி.எம்.எஸ். துண்டித்துவிட்டது, ஆனால் அதற்குள் பேட்டரி பக்க மாஸ்ஃபெட் போய்விட்டது. விளக்கைக் கழற்றியதும் எல்லாம் முன்போலவே ஓடியது. மாஸ்ஃபெட் பெரும்பாலும் ஷார்ட் ஆகித்தான் சாகும். கம்பித்துண்டு மாதிரி இரண்டு பக்கமும் கரண்டை விடும். லோடுக்கு வித்தியாசமே தெரியாது. ஒவ்வொரு முறை கரண்ட் வந்த பிறகும் அடாப்டர் கொதிப்பதைப் பார்த்து மீட்டர் வைத்தேன். சோலார் இல்லாத இரவில் 13.3 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 13.8 காட்டியது. அடாப்டர் இத்தனை நாளும் நேராகப் பேட்டரிக்குள் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இது என் போர்டின் குறை மட்டும் இல்லை, ஒற்றை மாஸ்ஃபெட் அமைப்பின் இயல்பே இதுதான். மாஸ்ஃபெட்டை இயக்கும் எல்.எம். 74700 போன்ற கன்ட்ரோலர் சிப்கள் பின்னோக்கி வரும் கரண்டை ஒரு மைக்ரோ நொடிக்குள் நிறுத்திவிடும். ஷார்ட்டில் பாய்வதுபோல் முன்னோக்கிப் போவதை அவற்றால் நிறுத்த முடியாது. கேட் என்ற கட்டுப்பாட்டு முனையை அணைத்தாலும் மாஸ்ஃபெட்டுக்குள் பிறவியிலேயே இருக்கும் பாடி டயோடு வழியாகக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும், அதுவும் 0.7 வோல்ட் வீழ்ச்சியோடு. 10 ஆம்புக்கு 7 வாட். சூடாகிவிட்டதே என்று கேட்டை அணைத்தால் சூடு இன்னும் பல மடங்கு ஏறும்!

நிஜமாகவே கரண்டை அளவோடு நிறுத்த, முதுகோடு முதுகாக இரண்டாவது மாஸ்ஃபெட் வேண்டும். எல்.டி.சி. 4229 மாதிரி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஐ.சி.கள் இருக்கின்றன. அங்கேயும் சூடு விடாது. ஷார்ட்டில் 10 ஆம்புக்குப் பிடித்து வைத்தால் 13 வோல்ட்டும் மாஸ்ஃபெட் மேலேயே விழுந்து 130 வாட் ஆகும். மில்லி நொடிக் கணக்கில்தான் தாங்கும், அதனால்தான் டைமர் வைத்துத் துண்டிக்கிறார்கள்.

என் போர்டு புது மாஸ்ஃபெட்டோடு அதே பெட்டியில்தான் இருக்கிறது. பேட்டரி முனையிலேயே 15 ஆம்ப் ஃபியூஸ் சேர்த்திருக்கிறேன். அது வயரைக் காப்பாற்றும், மாஸ்ஃபெட்டைக் காப்பாற்றும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இரவில் கரண்ட் இருக்கும்போது பேட்டரி வோல்டேஜும், கரண்ட் போனபோது அடாப்டரின் பச்சை விளக்கு அணைகிறதா என்பதும் இப்போது நான் தவறாமல் பார்ப்பவை. விளக்கு அணையாமல் எரிந்தால் அடாப்டர் பக்க மாஸ்ஃபெட் போய்விட்டது என்று அர்த்தம்.

நண்பர் வீட்டில் தண்ணீர் மோட்டாரும் அதே 12 வோல்ட் லைனில் ஓடுகிறது. ஸ்டார்ட் ஆகும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும். எவ்வளவு விலை குறைந்தாலும் வாங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.