ஆறு ரெட்ரோ டி-ஷர்ட்டும் ஒரு பொய் ரயிலும்

156 டாலர் கட்டினேன். 28 டாலர் 80 சென்ட் திரும்பி வந்தது. மீதி 127 டாலர் 20 சென்ட் போனது போனதுதான். அமெரிக்காவின் பழைய மேற்கத்திய ஊர்களின் பெயர் போட்ட ‘ரெட்ரோ’ டி-ஷர்ட் விளம்பரம் உங்கள் போனிலும் வந்துகொண்டிருந்தால், ஆர்டர் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

வெட்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் திருப்பூர்க்காரன். இந்த நாட்டுக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தவன். துணியைத் தொட்டுப் பார்த்தே ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் எடை என்று சொல்வேன் என்று பீற்றிக்கொண்டவன். கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை என்பார்கள். என் விஷயத்தில் அந்த ஊசியைக் கொல்லனே காசு கொடுத்து வாங்கிவிட்டான்.

ஈரோட்டிலிருந்து மாமனாரும் அத்தையும் அரிசோனா மாநிலத்தில் டூசானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். இளவயதில் ஜெய்சங்கரைக் கௌபாய் தொப்பியில் பார்த்து மயங்கிய தலைமுறை. அசல் கௌபாய் ஊரைக் காட்டுகிறேன் என்று டூம்ஸ்டோனுக்குக் கூட்டிப் போனேன். ஐ-10 சாலையில் கிழக்கே பென்சன் வரை போய், அங்கிருந்து 80-ஆம் எண் சாலையில் தெற்கே இறங்கினால் ஊர் வந்துவிடும்.

ஊர் மாமாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஏன் பிடிக்காது? 1877-இல் வெள்ளி தேடிக் கிளம்பிய எட் ஷீஃப்ளினிடம், “அங்கே உனக்குக் கிடைக்கப் போகும் ஒரே கல் உன் கல்லறைக் கல்தான்” என்று ராணுவக்காரர்கள் கிண்டல் செய்தார்களாம். அவருக்கு வெள்ளியே கிடைத்தது. அந்த இடத்துக்கு ‘டூம்ஸ்டோன்’, அதாவது கல்லறைக் கல் என்றே பெயர் வைத்தார். 1879-இல் ஊர் உருவானது. 1881-இலும் 1882-இலும் தீயில் கருகியது. சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து தொழில் படுத்தது. 1929-இல் மாவட்டத் தலைநகர் அந்தஸ்தும் பிஸ்பீ என்ற பக்கத்து ஊருக்குப் போய்விட்டது. இன்றைக்கு அங்கே சுமார் 1,300 பேர்தான் இருக்கிறார்கள். “சாகத் தெரியாத ஊர்” என்று தன்னைச் சொல்லிக்கொள்ள அதற்கு முழு உரிமை உண்டு.

ஆலன் தெருவில் கார் விடுவதில்லை. பலகை நடைபாதையில் மாமா வேண்டுமென்றே செருப்பு ஓசை கேட்கும்படி நடந்தார். 1882-இல் கட்டிய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். அங்கே இருந்த அம்மாவிடம் அவர் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்றே ஒன்று: “இந்த ஊருக்கு ரயில் எப்ப வந்துச்சு?” நான் ஆங்கிலத்தில் கேட்டேன். 1903 என்றார். அதுவரை எல்லாம் வண்டியில்தான். மாமா தலையை ஆட்டி அதை மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

தெருவில் ஒரு கடையில் ஊர்ப் பெயர் போட்ட டி-ஷர்ட் அவருக்குப் பிடித்தது. 32 டாலர். அவருடைய அளவு இல்லை, அடுத்த வாரம் வரும் என்றார்கள். “ஆன்லைனில் இதைவிட மலிவாக் கிடைக்கும் மாமா, நான் வாங்கித் தர்றேன்” என்றேன். பிழை அங்கேயே தொடங்கிவிட்டது.

வீடு திரும்பிய மறுநாளே போனில் விளம்பரம் வந்தது. மரத்தாலான கடை முகப்பு, தொப்பி போட்ட தாத்தா, “மூன்று தலைமுறையாக அரிசோனாவில் அச்சிடுகிறோம், இந்த மாதத்தோடு கடையை மூடுகிறோம்” என்று ஒரு உருக்கமான கதை. 38 டாலரை அடித்துவிட்டு 24 என்று போட்டிருந்தார்கள். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நூறு சதவீதப் பருத்தி, ஏழு நாளில் வீட்டுக்கு வரும். மாமாவின் எழுபதாவது பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி போட்டுக்கொள்ளலாம் என்று மனைவியும் சொன்னாள். ஆறு சட்டை 144 டாலர், அனுப்பும் செலவு 12.

ஏழு நாளில் வரவில்லை, இருபத்து மூன்றாம் நாள்தான் வந்தது. அதற்குள் பிறந்தநாளும் போய்விட்டது, கேக்கும் தீர்ந்துவிட்டது. பார்சல் வேறு நாட்டிலிருந்து வந்திருந்தது. பிரித்ததும் மண்ணெண்ணெயும் புதுச் செருப்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. கழுத்தில் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் வெட்டிய நூல் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. இந்த நாட்டுச் சட்டப்படி துணியில் என்ன இழை, எந்த நாட்டில் தயாரானது, யார் பொறுப்பு என்ற மூன்றும் லேபிளில் இருந்தாக வேண்டும். இணையத்தில் விற்கும்போதே அமெரிக்கத் தயாரிப்பா, இறக்குமதியா என்றும் சொல்ல வேண்டும். “அரிசோனாவில் அச்சிடுகிறோம்” என்றவர்கள் துணியைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சட்டையை விரித்த மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாக, “ஏனுங்க மாப்பிள்ளை, ரயில் 1903-லதானுங்க வந்துச்சுன்னு அந்தம்மா சொன்னாங்க?” என்றார்.

அப்போதுதான் படத்தைச் சரியாகப் பார்த்தேன். நடுவில் பெரிதாக 1881. ஊர் பிறந்த வருடம் 1879. 1881 என்பது அக்டோபர் 26-ஆம் தேதி அந்த ஊரில் நடந்த, ‘ஓ.கே. கோரல்’ என்று பேர்பெற்ற துப்பாக்கிச் சண்டையின் வருடம். அதற்குக் கீழே புகை கக்கிக்கொண்டு ஒரு நீராவி ரயில், பக்கத்தில் கை விரித்து நிற்கும் சகுவாரோ கள்ளி. அந்தக் கள்ளி வளர்வதற்கு டூம்ஸ்டோன் கொஞ்சம் அதிக மேட்டு நிலம், நாங்கள் போனபோது ஊரைச் சுற்றி அந்தக் கள்ளி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. பின்னால் அரிசோனா மாநிலக் கொடி. அரிசோனா மாநிலமானதே 1912-இல், கொடி 1917-இல். ஓரத்தில் முத்திரை மாதிரி இருந்த பொடி எழுத்துகளை மகள் எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். அது எந்த மொழியும் இல்லை, எழுத்து மாதிரி தெரியும் கிறுக்கல்.

படத்தைப் போனில் போட்டுத் தேடினேன். அதே ரயில், அதே கள்ளி, அதே கிறுக்கல், வேறு வேறு ஊர்ப் பெயரில். டாட்ஜ் சிட்டி இருந்தது. டெட்வுட்டும் இருந்தது. டெட்வுட் தெற்கு டகோட்டா மலைக்காட்டில், பனி கொட்டும் ஊர். அங்கே சகுவாரோ முளைத்தால் செய்தித்தாளில் வரும்.

சரி, படம்தான் பொய், துணியாவது தேறுமா என்று பார்த்தேன். படத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் மினுமினுத்தது. பட்டறையில் ஸ்டிக்கர் பிரிண்ட் என்போமே, அதேதான். தாளில் அச்சடித்து ஹீட் பிரஸ்ஸில் ஒட்டியது. கீழ் மடிப்பின் உள்பக்கத்தில் ஒரு துணுக்குத் துணி வெட்டிக் கொளுத்தினேன். தையல் நூலை எடுத்துச் சோதிக்காதீர்கள், நல்ல பருத்திச் சட்டையிலும் அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு, கறுப்பாக ஒரு கெட்டி மணியாக நின்றது.

குளிர்ந்த தண்ணீரில், உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒரே ஒரு தடவை துவைத்தேன். ரயிலின் முன்சக்கரம் உரிந்து வந்துவிட்டது.

இனிமேல்தான் கூத்து. ரெட்ரோ சட்டையில் படம் ஆங்காங்கே தேய்ந்த மாதிரி, வெடித்த மாதிரி இருக்கும். அது டிசைனிலேயே வரைந்தது, ஆறு சட்டையிலும் அச்சுப் பிசகாமல் ஒரே இடத்தில் இருக்கும். அதில் தப்பே இல்லை. உரிவது வேறு. போட்டோ எடுத்து அனுப்பினால் பதில் வருகிறது: “அன்பு வாடிக்கையாளரே, இது பழமைப் பாணி ஆடை. இயற்கையாகப் பழையதாவதே இதன் அழகு.” இந்தத் தொழிலில் இதைவிட வசதியான சரக்கு இருக்க முடியாது. கெட்டுப்போவதற்குப் பெயர்தான் அழகாமே!

பணம் கேட்டேன். சட்டை விலையில் 20 சதவீதம் தருகிறோம், சட்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முழுப் பணமும் வேண்டும் என்றால் வெளிநாட்டுக் கிடங்குக்கு என் செலவில் அனுப்ப வேண்டும். தபால் செலவைக் கேட்டால் சட்டை விலையைத் தாண்டியது. இரவு பதினொரு மணி, எரிச்சல், வந்தவரைக்கும் லாபம் என்று “ஓகே” என ஒரு வார்த்தை எழுதிவிட்டேன். 28 டாலர் 80 சென்ட் வந்தது.

மறுநாள் சக ஊழியர் ஒருவர் கார்டு கம்பெனியில் முறையிடச் சொன்னார். சொன்ன சரக்கு வேறு, வந்த சரக்கு வேறு என்று எழுதி, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், உரிந்த ரயில், எரிந்த மணி எல்லாவற்றையும் இணைத்தேன். தற்காலிகமாகப் பணத்தை வரவும் வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரன் அனுப்பிய ஆதாரம் ஒரே ஒரு பக்கம்: என்னுடைய “ஓகே”. சமரசத்துக்கு ஒப்புக்கொண்டவர் மறுபடி கேட்க முடியாதாம். இருபது சதவீதம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுக்கிறார்களே, அது இரக்கமில்லை. அந்த ஒரு வார்த்தையை வாங்குவதற்கான விலை. இப்படி யாராவது கொடுத்தால் பதிலே எழுதாதீர்கள், நேராகக் கார்டு கம்பெனிக்குப் போங்கள்.

இதில் டூம்ஸ்டோனுக்கு ஒரு சென்ட்கூடப் போகவில்லை என்பது இன்னொரு வருத்தம். அந்த ஊர் பிழைப்பதே வருகிறவர்கள் வாங்கும் சட்டையிலும் தொப்பியிலும்தான். ஆலன் தெருக் கடைக்காரரிடம் எட்டு டாலர் மிச்சம் பிடிக்கப் போய்த்தானே இத்தனையும்.

அப்புறம் அந்தக் கடைக்கே போன் செய்தேன். மாமாவின் அளவு இருக்கிறதாம், எடுத்து வைக்கிறோம் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை போகிறோம். அருங்காட்சியகத்தில் கேட்க இன்னும் இரண்டு கேள்வி வைத்திருக்கிறார் மாமா.

பழைய ஆறையும் கார் துடைக்க வைத்துக்கொள்ளலாம் என்றாள் மனைவி. நேற்று துடைத்துப் பார்த்தேன். பாலியஸ்டர் அல்லவா, தண்ணீரை உறிஞ்சவே மாட்டேன் என்கிறது.