வால்வு முன்னே, மாஸ்ஃபெட் பின்னே: பேத்தோஸ் லோகோஸ்

இத்தாலியின் விச்சென்சா நகரில் 1994இல் தொடங்கப்பட்ட பேத்தோஸ் நிறுவனத்தின் லோகோஸ் ஆம்ப்ளிஃபயரை நண்பர் ஒருவரின் வீட்டில் மூன்று மாலைகள் கேட்டேன். மேல்தட்டில் இரண்டு சிறு வால்வுகள், அதாவது ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் கண்ணாடி வெற்றிடக் குழாய்கள், வெளியே தெரிய நிற்கின்றன. இருபுறமும் உள்ள வெப்பம் தணிக்கும் தகடுகளை மேலிருந்து பார்த்தால், அவை நிறுவனத்தின் பெயரையே எழுத்தெழுத்தாக வளைத்துக் காட்டுகின்றன. இத்தனை அலங்காரம் எதற்கு என்ற எரிச்சல் எனக்கு முதல் நாள் இருந்தது.

முழு வால்வு ஆம்ப்ளிஃபயரின் தொல்லையெல்லாம் அதன் கடைசிக் கட்டத்தில்தான். உயர்ந்த மின்னழுத்தத்தில் சொற்ப மின்னோட்டத்தையே தரக்கூடிய வால்வை நான்கு, எட்டு ஓம் மின்தடை மட்டுமே உள்ள ஸ்பீக்கரோடு நேரடியாக இணைப்பது கடினம் என்பதால், வழக்கமாக இடையில் கனத்த டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று தேவைப்படுகிறது. எடையும் விலையும் ஏறுவதற்கும், தாழ்ந்த ஒலிகள் பிடி தளர்ந்து கேட்பதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். லோகோஸில் நுண்ணிய சமிக்ஞையைப் பெருக்கும் வேலை மட்டும் 6922 வகை வால்வுகளுக்கு. ஸ்பீக்கரைத் தள்ளும் முரட்டு வேலை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களுக்கு. 6922இன் மூல வடிவமான இசிசி 88, தொலைக்காட்சிப் பெட்டியின் டியூனருக்காக உருவானது என்பது வேடிக்கையான செய்தி. எட்டு ஓமில் 110 வாட்டாக இருக்கும் திறன் நான்கு ஓமில் 220 ஆக இரட்டிப்பாகிறது என்றால், மின்னோட்டம் தருவதில் இதன் மின்வழங்கி தயங்கவில்லை என்று பொருள்.

அதைச் சோதிக்க எனக்குத் தெரிந்த நேர்மையான அளவுகோல் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி. முன்பு என்னிடம் இருந்த முழு வால்வுப் பெட்டியில் தொப்பியின் கும்காரம் அடுத்த தாளச் சொல்லின் மேல் வழிந்து, தனி ஆவர்த்தனத்தின் வேகமான இடங்கள் குழம்பிவிடும். இங்கே ரவை போட்ட தோல் அதிர்வதும், உள்ளங்கை பட்டு அது அடங்குவதும் தனித்தனியே கேட்டன. அதற்காக வீணை வறண்டுவிடவுமில்லை. ஒரே மீட்டில் நான்கு சுரம் இழுத்து, நாதம் தேய்ந்து தேய்ந்து மறையும் கடைசி நொடிவரை அது கம்பியின் ஒலியாகவே இருந்தது. டிரான்சிஸ்டர் பெட்டிகள் பலவற்றில் எனக்கு எப்போதும் குறையாகத் தோன்றுவது அந்த வால் பகுதிதான்.

வெளியீட்டுக்கும் ஒற்றை வால்வையே நம்பும் ஆம்ப்ளிஃபயர்கள் தரும் தேன் தடவிய இனிமையை எதிர்பார்ப்பவர்கள் இதை வாங்க வேண்டாம். அந்தக் குழைவு இதில் இல்லை, இருக்க வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை. சிறிய அறையில் சுலபமாக ஓடும் ஸ்பீக்கர் வைத்திருப்பவருக்கும் இவ்வளவு வாட் வீண். இயக்கியதும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லாமல் அரை மணி நேரம் சூடாக விடுங்கள். வால்வு தேய்ந்தால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி மாற்றிக்கொள்ளலாம்; இரண்டையும் ஒரே சமயத்தில், பொருத்தம் பார்த்த ஜோடியாக மாற்றுவது நல்லது.