எந்த டெர்மினல்: யார் சொல்வதை நம்பிக் கிளம்பலாம்?

இராமநாதபுரம் மாவட்டத்தில் பயணிகள் விமான நிலையம் கிடையாது. உச்சிப்புளியில் இருப்பது கடற்படையின் பருந்து விமான தளம். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி, மண்டபம் என்று எந்த ஊரிலிருந்து வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ கிளம்பினாலும் மதுரை, திருச்சி, சென்னை மூன்றில் ஒன்றுக்குப் போய்த்தான் ஏற வேண்டும். சாயல்குடிப் பக்கத்துக்காரர்கள் தூத்துக்குடி வாகைக்குளம் போய், அங்கிருந்து சென்னை வழியாக மாறுவதும் உண்டு. எப்படிப் போனாலும் சில மணி நேரம் வண்டியில், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க ரயிலில். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர் தகவல் தப்பென்று தெரிந்தால் வீட்டுக்குத் திரும்பி அடுத்த நாள் வரலாம். நம் ஆட்களுக்கு அந்த வசதி இல்லை. விசா தேதி முடியப்போகும் நேரத்தில் கிளம்புகிற சபுராளிக்கு, அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போகிறவருக்கு, தப்பான ஒரு வரித் தகவல் வேலைக்கே வேட்டு வைக்கும்.

எந்த ஏர்லைன் இன்னும் ஓடுகிறது, எந்த டெர்மினலில் நிற்கிறது என்ற செய்தி நம் ஊர்களுக்குப் பல வழிகளில் வந்து சேர்கிறது. ஒவ்வொரு வழியும் ஒரு விஷயத்தில் சரியாகவும் வேறொன்றில் பழசாகவும் இருக்கிறது. அதைத்தான் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம்: எல்லா ஏர்போர்ட்டிலும் ஒரே சிக்கல் இல்லை. மதுரையில் டெர்மினல் குழப்பம் கிடையாது. அங்கே பழசாவது ஏர்லைன் பட்டியலும் நேரமும்தான். 2024 அக்டோபர் முதல் மதுரை 24 மணி நேர விமான நிலையம். "மதுரையில் ராத்திரி பிளைட் கிடையாதே" என்று இன்னும் சொல்பவர் பழைய கணக்கில் பேசுகிறார். ஏர்லைன் பெயர்களும் அப்படித்தான். ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் நின்றது. விஸ்தாரா 2024 நவம்பர் 12-ல் ஏர் இந்தியாவோடு சேர்ந்தது. திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போன மலிண்டோ, 2022-ல் பாட்டிக் ஏர் ஆனது. ஊரில் பலர் இன்றும் மலிண்டோ என்றே சொல்கிறார்கள். பேச்சில் அதனால் கெடுதல் இல்லை. ஏர்போர்ட்டில் அந்தப் பெயர்ப் பலகையைத் தேடினால்தான் கஷ்டம்.

திருச்சி வேறொரு பாடம். புதிய டெர்மினலுக்கு 2024 ஜனவரி 2-ல் திறப்பு விழா நடந்தது. எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. ஆனால் விமானங்கள் அங்கே மாறியது ஜூன் 11-ல். இடைப்பட்ட ஐந்து மாதமும் "திறந்துவிட்டார்கள்" என்ற செய்தி உண்மை, "அங்கே போ" என்ற அறிவுரை தவறு. சென்னையின் புதிய பன்னாட்டு முனையமும் 2023 ஏப்ரல் 8-ல் திறக்கப்பட்டாலும், விமானங்கள் ஒரேயடியாக அல்ல, படிப்படியாகத்தான் அங்கே போயின. திறப்பு விழாச் செய்தியை வைத்து ஒருபோதும் வண்டி கிளப்பக் கூடாது.

சென்னைதான் உண்மையான டெர்மினல் சிக்கல் உள்ள இடம். "அண்ணான்னா வெளிநாடு, காமராஜர்னா உள்நாடு" என்று டெர்மினல் பெயரை வைத்துச் சொல்வது ஒரு தலைமுறை டிரைவர்களின் மனப்பாடம். இப்போது வெளிநாட்டு விமானங்கள் டெர்மினல் 2. உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1-லும் 4-லும். அந்த நாலாம் டெர்மினல் முன்பு வெளிநாட்டு விமானங்களுக்கானது! ஏர் இந்தியாவின் உள்நாட்டு விமானங்கள் 2023 கடைசியில் அங்கே மாறின. ஆக, பழைய ஞாபகத்தை நம்பி வருகிறவர் சரியான கட்டடத்துக்கு வந்ததாக நினைத்துத் தவறான வாசலில் நிற்பார். வாசலில் பாதுகாப்புப் படையினர் டிக்கெட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிய பிறகுதான் தெரியும்.

சரி, யாரிடம் கேட்பது?

கையில் இருக்கும் டிக்கெட்டிலிருந்து ஆரம்பிப்போம். பெரும்பாலோர் நம்புவது அதைத்தான், காரணம் அது அச்சடித்தது. ஆனால் டிக்கெட் சொல்வது போட்ட நாளின் நிலவரம். இரண்டு மூன்று மாதம் முன்னால் போட்ட டிக்கெட்டுக்கும் கிளம்பும் நாளுக்கும் நடுவில் கால அட்டவணையே மாறியிருக்கலாம். விமான உலகில் வருடத்துக்கு இரண்டு சீசன்: மார்ச் கடைசி ஞாயிறில் கோடை அட்டவணை தொடங்கும், அக்டோபர் கடைசி ஞாயிறில் குளிர்கால அட்டவணை. பெரிய மாற்றங்கள் பலவும் இந்த இரண்டு நாளை ஒட்டியே வருகின்றன. பிப்ரவரியில் போட்டு ஏப்ரலில் பறக்கிற டிக்கெட்டை மறுபடி பார்க்காமல் கிளம்புவது சரியில்லை.

டெர்மினல் எண் எப்படி அந்தக் காகிதத்துக்கு வருகிறது என்று தெரிந்தால் இன்னும் தெளிவாகும். ஏர்லைனின் அட்டவணைப் பிரிவு, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா வகுத்த ஒரே மாதிரியான வடிவத்தில் தன் பிளைட் விவரங்களை வெளியிடும். நேரம், விமான வகை, டெர்மினல் எல்லாம் அதில் அடக்கம். ஓஏஜி, சிரியம் போன்ற நிறுவனங்கள் அதைத் திரட்டும். அப்புறம் அமேடியஸ், கலிலியோ போன்ற முன்பதிவு அமைப்புகளுக்கும், அங்கிருந்து டிராவல்ஸ் கம்ப்யூட்டருக்கும் டிக்கெட் விற்கும் ஆப்புகளுக்கும் போகும். ஏர்லைன் மூலத்தில் திருத்தினால் கீழே எல்லா இடத்திலும் திருந்தும், ஆனால் ஒரே நேரத்தில் அல்ல. அச்சடித்து வைத்த காகிதம் திருந்தவே திருந்தாது.

அதனால் என் முதலிடம் ஏர்லைனின் சொந்த ஆப்புக்கும் வெப்சைட்டுக்கும். பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண்ணையும் பெயரையும் போட்டுத் திறந்தால், அன்றைய தேதியில் உங்கள் பிளைட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் விவரம் வரும். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பும், வண்டி ஏறுவதற்கு முன்பும் பார்க்க வேண்டும்.

இதில் நம் ஊர்களுக்கே உரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. ஏர்லைன் நேரத்தையோ டெர்மினலையோ மாற்றினால், டிக்கெட்டில் பதிவான மொபைலுக்கும் மெயிலுக்கும் தகவல் அனுப்பும். நம்மில் பலர் டிராவல்ஸ் கடையில் டிக்கெட் போடுகிறோம். அவசரத்தில் கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிடுகிறார். செய்தி அவர் போனுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு அப்படி எத்தனையோ வரும், அதில் உங்களுடையது கீழே போய்விடும். சில நேரம் துபாயில் இருக்கும் மச்சான் அங்கிருந்தே டிக்கெட் போட்டு அனுப்புவார். தகவல் அவர் நம்பருக்குப் போகும், அவர் டியூட்டியில் இருப்பார். டிக்கெட் போடும்போதே "என் நம்பரைப் போடுங்க காக்கா" என்று சொல்லிவிடுவது, ஆயிரம் பேரிடம் பின்னால் விசாரிப்பதைவிட மேல். இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, விமான நிலையத்தின் வெப்சைட். இங்கே இரண்டு வகைப் பக்கம் இருக்கிறது, இரண்டையும் குழப்பக் கூடாது. அன்றைய புறப்பாடு, வருகைப் பட்டியல் கம்ப்யூட்டரிலிருந்து தானாக வருவது. டெர்மினல், கவுண்டர், தாமதம் மூன்றுக்கும் அன்றைய தினத்தில் அதைவிட நல்ல ஆதாரம் குறைவு. ஏர்லைன் சொல்வதும் இதுவும் முரண்பட்டால், கிளம்பும் நாளில் நான் இதையே எடுத்துக்கொள்வேன், கூடவே ஏர்லைனுக்கு ஒரு போனும் போடுவேன். ஆனால் "எங்கள் டெர்மினல்கள்", "இங்கிருந்து இயங்கும் நிறுவனங்கள்" என்ற மாதிரிப் பக்கங்களை யாராவது ஒருவர் கையால் எழுதிப் போட்டிருப்பார். அவர் மறுபடி திறந்து திருத்தினால்தான் மாறும். ஒரே வெப்சைட்டில் ஒரு பக்கம் இன்றையது, மறு பக்கம் போன வருடத்தது என்பது எங்கும் நடக்கும்.

விமானத்தைத் தொடர்ந்து காட்டும் ஃப்ளைட்ரேடார்24 போன்றவை மூன்றாவது. விமானம் தானே ஒலிபரப்பும் சிக்னலைத் தரையில் பிடித்து வரைபடத்தில் காட்டுகிறார்கள். அந்த சிக்னலில் இருப்பது அடையாளமும் இடமும் உயரமும் வேகமும். டெர்மினல் அதில் இல்லை, அது வேறிடத்து அட்டவணையிலிருந்து ஒட்டப்படுவது. என்றாலும் இதற்கு ஒரு அருமையான பயன் உண்டு. உங்கள் பிளைட் எண்ணைப் போட்டு நேற்றும் முந்தாநாளும் அது பறந்ததா என்று பாருங்கள். "அந்த சர்வீஸை நிறுத்திட்டாங்களாமே" என்ற வதந்திக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. வாரத்தில் சில நாள் மட்டும் ஓடும் பிளைட்டுக்கு ஒரு வாரம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

கூகுள் மேப் வழிக்கு நல்லது, ஏர்லைனுக்கு அல்ல. வழிக்குமே, தேவகோட்டை, காரைக்குடி, புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்குப் போகிறவர்களுக்கு விமான நிலையம் ஊருக்கு முன்னாலேயே வந்துவிடும். "திருச்சி" என்று மட்டும் போட்டால் அது உங்களை நகரத்துக்குள் கொண்டுபோகும்.

விக்கிப்பீடியாவைப் பலர் ஏளனமாகச் சொல்வார்கள். ஏர்லைன் பட்டியலுக்கு நான் அதை மதிக்கிறேன். எந்த நிறுவனம் எந்த ஊருக்கு, எப்போது தொடங்கும், எப்போது நிற்கும் என்பதைத் தேதியோடு போட முயல்கிறார்கள். யார் எப்போது திருத்தினார் என்ற வரலாறும் திறந்து கிடக்கிறது. வேறெந்த ஆதாரமும் தன் வயதை இப்படி வெளிப்படையாகக் காட்டுவதில்லை. மதுரையிலிருந்து எங்கே நேரடி விமானம் இருக்கிறது என்று யோசிக்கும் கட்டத்தில் அது போதும். கிளம்பும் நாளுக்குப் போதாது.

டிராவல்ஸ்காரர் விஷயத்தில் ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. முன்பதிவுத் திரையைத் திறந்து பார்த்துச் சொல்பவர் என்றால் ஏர்லைன் ஆப்புக்குச் சமம். எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அதைவிடவும் மேல், ஏனென்றால் மாற்றம் வந்தால் அதற்கு அடுத்து என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரியும். "போன தடவை போன அதே இடந்தான்" என்று திரையைப் பார்க்காமல் சொல்பவர் என்றால், அது வாட்ஸ்அப் பார்வேர்ட் அளவுக்குத்தான் பெறும். அந்தப் பார்வேர்டுகளுக்குத் தேதியே இருப்பதில்லை. எந்த வருடத்து அறிவிப்பு என்று தெரியாத படத்தைக் குடும்பக் குழுவில் போடுவதை நிறுத்தினாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதுவரை சொன்னது ஏறும் பக்கம். இறங்கும் பக்கத்தில்தான் நம் ஆட்கள் அதிகம் தவிக்கிறார்கள், அழைக்க வருகிறவர் வேறு டெர்மினலில் நிற்பதால். அபுதாபியில் 2023 நவம்பரில் எல்லா நிறுவனங்களும் புதிய டெர்மினல் ஏ-வுக்கு மாறின; 2024 பிப்ரவரியில் நிலையத்தின் பெயரும் ஸயீத் பன்னாட்டு விமான நிலையம் என்றானது. கோலாலம்பூரில் "கேஎல்ஐஏ 2" என்று நாம் சொல்லிப் பழகியது 2023 முதல் டெர்மினல் 2. குவைத்தில் குவைத் ஏர்வேஸுக்கு டெர்மினல் 4, ஜஸீராவுக்கு டெர்மினல் 5.

துபாய் எல்லாவற்றையும்விடச் சிக்கல். டெர்மினல் 3 எமிரேட்ஸின் கோட்டை. டெர்மினல் 2 ஓடுதளத்துக்கு அந்தப் பக்கம், நடந்து போக முடியாது. ஃப்ளைதுபாய் பெரும்பாலும் 2-ல், ஆனால் சில விமானங்கள் 3-ல். எமிரேட்ஸும் ஃப்ளைதுபாயும் ஒருவர் பிளைட்டில் மற்றவர் எண்ணைப் போட்டு விற்கிறார்கள். டிக்கெட்டில் எமிரேட்ஸ் என்று பெரிதாக இருக்கும், இயக்குவது ஃப்ளைதுபாய் என்று சின்ன எழுத்தில் இருக்கும். டெர்மினலைத் தீர்மானிப்பது அந்தச் சின்ன எழுத்துத்தான், அதாவது உண்மையில் விமானத்தை ஓட்டுகிறவர். இதனால்தான் "எமிரேட்ஸ் என்றால் 3, ஃப்ளைதுபாய் என்றால் 2" என்று ஏர்லைன் வாரியாக எழுதிவைக்கிற பட்டியல்கள் தோற்கின்றன.

டிராவல்ஸ் சுவரிலோ ஜமாத் அலுவலகத்திலோ கார் ஸ்டாண்டிலோ ஒரு பட்டியல் வைக்க விரும்புகிறவர்களுக்கு இது முக்கியம். ஏர்லைன் பெயருக்கு நேராக டெர்மினலை எழுதுவது சுலபம், பார்க்கவும் அழகு. பிளைட் எண், ஓட்டும் நிறுவனம், டெர்மினல், சரிபார்த்த தேதி, எங்கே பார்த்தது என்று ஐந்து கட்டம் போடுவது அலுப்பு. நான் இரண்டாவதுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். நம் ஊர்களிலிருந்து வழக்கமாகப் போகும் பிளைட்டுகள் கை கொள்ளும் அளவுதான்; ஒருவர் உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். போனில் பகிரும் ஷீட்டாக இருந்தால் திருத்தியது எல்லாருக்கும் போகும்; லேமினேட் செய்து ஒட்டினால் அடுத்த சீசனிலும் அதே தாள் தொங்கும். கார்காரர்களுக்குத் தாள்தான் வேண்டுமென்றால், மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் புதிதாக அடித்துப் பழையதைக் கிழித்துப்போட ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்க ஆள் இல்லாவிட்டால் தாள் ஒட்ட வேண்டாம்.

ஜித்தாவுக்கு மட்டும் டெர்மினல் கட்டத்தைக் காலியாக விடச் சொல்வேன். அங்கே டெர்மினல் 1, வடக்கு டெர்மினல், ஹஜ் டெர்மினல் என்று தனித்தனியாக இருக்கின்றன. உம்ராக் குழுக்கள் ஹஜ் டெர்மினலில் இறங்குவதும் உண்டு. அந்தந்தக் குழுவை அழைத்துப் போகிறவர் ஏர்லைனிடம் கேட்டு, பயணத் தேதியோடு கையால் எழுதட்டும்.