விக்கிப்பீடியாவின் ஊடகப் பட்டியல்: பாதி வேலை முடியும்

ஒரு நிறுவனத்தின் மோசடி பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், "இந்தப் பத்திரிகையை எல்லாம் நம்புறீங்களா?" என்று ஒருவர் வந்துவிடுவார். அவருக்காக நான் கையில் வைத்திருப்பது, ஆங்கில விக்கிப்பீடியாவின் தன்னார்வலர்கள் தங்கள் சொந்த உபயோகத்துக்குத் தொகுத்த ஊடகப் பட்டியல். பச்சை என்றால் பொதுவாக நம்பலாம், மஞ்சள் என்றால் இழுபறி, சிவப்பு என்றால் ஒதுங்கிவிடலாம். காசு கிடையாது.

எனக்குப் பிடித்தது, தீர்ப்போடு வழக்கும் கிடைப்பதுதான். பிரிட்டிஷ் நாளிதழான டெய்லி மெயிலை 2017இல் ஒதுக்கினார்களே, அப்போது யார் யார் என்ன வாதாடினார்கள் என்று முழுசாகப் படிக்கலாம். வெறும் மதிப்பெண்ணை நீட்டும் செயலிகளில் இது வராது.

அதிகம் கைகொடுத்தது அமெரிக்க வணிக இதழான ஃபோர்ப்ஸ் பற்றிய குறிப்பு. அதன் சொந்த நிருபர்கள் எழுதுவது பச்சை. அதே தளத்தில் 'கான்ட்ரிபியூட்டர்' என்ற அடைமொழியோடு வெளியாள் எழுதுவது சிவப்பு. நிறுவனங்களைத் தூக்கிவைத்து எழுதிய கட்டுரையை யாராவது ஆதாரமாகக் காட்டினால், எழுதியவர் பெயரை ஒட்டி அந்தச் சொல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

ஆனால் கணக்குத் தணிக்கை செய்பவன் கண்ணுக்கு ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. பட்டியல் பத்திரிகையை எடைபோடுகிறது, கட்டுரையை அல்ல. பின்னாளில் கணக்கு மோசடி அம்பலமான அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரானை, 6 ஆண்டுகள் தொடர்ச்சியாகப் புதுமையான நிறுவனம் என்று கொண்டாடியது ஃபார்ச்சூன் வணிக இதழ். 2001 மார்ச்சில், அந்தக் கம்பெனி எப்படித்தான் சம்பாதிக்கிறது என்று நிருபர் பெத்தனி மெக்லீன் கேட்டதும் அதே ஃபார்ச்சூனில்தான். டிசம்பரில் என்ரான் திவால். இதற்கு எந்த நிறம் அடிப்பது?

வயர்கார்டு கதை இன்னும் மோசம். இந்த ஜெர்மன் பணப் பரிவர்த்தனை நிறுவனத்தின் கணக்கு மோசடி பற்றி, ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் உள் ஆவணங்களை வைத்து எழுதியது. 2019இல் ஜெர்மன் நிதிக் கட்டுப்பாட்டு அமைப்பான பாஃபின் அந்த நிருபர்கள் மேலேயே புகார் கொடுத்தது. 2020 ஜூனில் பார்த்தால், வயர்கார்டு கணக்கில் காட்டிய 190 கோடி யூரோவைக் காணோம். நடுவில் அந்தச் செய்தியை நம்ப வைத்திருக்கக்கூடியது பத்திரிகையின் பெயர் இல்லை, அதில் இருந்த ஆவணங்கள்தான். அதைப் படித்துப் பார்க்கும் வேலையை எந்தப் பட்டியலும் நமக்காகச் செய்யாது.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அப்புறம், மொபைலில் திறக்காதீர்கள். நீளமான அட்டவணை, விரல்தான் தேயும். கணினியில் பத்திரிகையின் பெயரைத் தட்டித் தேடுங்கள்.