எட்டு பாட்டில் பெயிண்ட் செட் வாங்கினேன், உருப்படியா இருந்தது ஒண்ணுதான்

மரத்துல கப்பல் மாடல் கட்டறவங்களுக்குன்னு கிட்டோட சேர்த்து ஒரு ஃபினிஷிங் செட் விக்கிறாங்கல்ல, அதோட ரிவ்யூதான் இது. கம்பெனி பேர் வேண்டாம், சண்டை போடற மூட்ல நான் இல்ல. உள்ள என்ன இருக்குன்னா 20 மில்லி அக்ரிலிக் பாட்டில் 6, அதாவது வெள்ளை, கருப்பு, சிவப்பு, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), நீலம், டார்க் பிரவுன், அப்புறம் ஒரு வால்நட் ஸ்டெயின் (மரத்துல ஊறி நிறம் ஏத்தறது), ஒரு கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷ், ரெண்டு பிரஷ், ஒரு சுருள் மாஸ்கிங் டேப். அட்டைப் பெட்டி மேல "இது மட்டும் போதும்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. போதாது. அதைத்தான் கீழ விவரமா புலம்பப் போறேன்.

என் கப்பல் 1:64 அளவுல கட்டர்ங்கற ஒரு சின்ன பிரிட்டிஷ் கப்பல், பதினெட்டாம் நூற்றாண்டு மாடல், ஒத்தை பாய்மரம். பலகை ஒட்டி முடிக்கவே எட்டு மாசம் ஆச்சு, மேல் லேயர் பூரா பாஸ்வுட்ங்கற மெத்து மரம். தண்ணிக்குக் கீழ வெள்ளை, அதுக்கு மேல வேல்னு சொல்ற தடிச்ச பட்டை கருப்பு (முருகன் கைல இருக்கற வேல் இல்லீங்க, கப்பல் பக்கவாட்டுல நீளமா ஓடற பலகை), அதுக்கு மேல மரம் மரமாவே தெரியணும், டெக்கைச் சுத்தி இருக்கற சுவரோட உள்பக்கம் சிவப்பு, நடுவுல மெல்லிசா ஒரு மஞ்சள் கோடு. இதுதான் பிளான்.

முதல்ல வெள்ளை. பாட்டிலைத் திறந்து அப்படியே அடிச்சேன், காஞ்சதும் தடவிப் பாத்தா ரெண்டு நாள் ஷேவ் பண்ணாத கன்னம் மாதிரி சொரசொரன்னு இருக்கு. பெயிண்ட்டைத் திட்டிட்டு ரெண்டாவது கோட், மூணாவது கோட்னு அடிச்சுக்கிட்டே போனேன், 7 கோட் ஆகியும் கீழ இருக்கற மரம் திட்டுத் திட்டா தெரியுது, பலகை இடுக்கெல்லாம் பெயிண்ட் அடைச்சு, எட்டு மாசம் ஒட்டின பலகையோட கோடு பாதி காணாமப் போச்சு. உக்காந்து யோசிச்சப்பதான் பாதித் தப்பு என்னோடதுன்னு புரிஞ்சுது. அக்ரிலிக்ல தண்ணி இருக்கு, தண்ணி பட்டா மர நார் எழுந்து நிக்கும், பாஸ்வுட் மாதிரி மெத்துன்னு இருக்கற மரத்துல இன்னும் மோசம். அதனால பெயிண்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே ஈரத் துணியால ஒருதரம் துடைச்சு, நார் எழும்பட்டும்னு விட்டு, நல்லா காஞ்சதும் 320 நம்பர் எமெரி பேப்பரால மெதுவா தேச்சுடணும். அதுக்கு மேல மரத் துளையை அடைக்கற சீலர் பூச்சு ஒண்ணு போடணும். செட்டுல சீலரும் கிடையாது, இந்த விஷயத்தைப் பத்தி ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. அங்கதான் எனக்குக் கோபம். பழகினவனுக்கு இது தெரியும், ஆனா பழகினவன் இந்த மாதிரி செட் வாங்கவே மாட்டானே.

மீதி பாதித் தப்பு பெயிண்ட்டோடது. வெள்ளைல கலர் பொடி கம்மி, தண்ணி மாதிரி ஓடுது. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டு, சீலர் போட்டு, சாம்பல் பிரைமர் ஒரு கோட் அடிச்சு (பிரைமர் அடிச்சாதான் எங்க பள்ளம், எங்க கீறல்னு கண்ணுல படும், அதுவரைக்கும் நம்ம வேலை பிரமாதம்னே தோணும்), அதுக்கு மேல மெல்லிசா 4 கோட் போட்டதும் சரியா வந்துச்சு. பாட்டில் வெள்ளையும் பளீர்னு சுண்ணாம்பு வெள்ளை, பழைய கப்பலுக்கு அது ஒத்தே வராது. அந்தக் காலத்துல அடில பூசினது பெயிண்ட்டே இல்ல, திமிங்கல எண்ணெய், குங்கிலியம் மாதிரி ஒரு பிசின், கந்தகம் எல்லாம் சேர்த்துக் காய்ச்சின கலவை, மரத்தைத் துளைக்கற புழு வரக்கூடாதுன்னு. செம்புத் தகடு அடிக்கற வழக்கமெல்லாம் பிற்பாடுதான், பிரிட்டிஷ் கடற்படை 1761ல அலார்ம்ங்கற கப்பல்ல சோதனை பண்ணிப் பாத்து, 1779க்கு அப்புறம்தான் மொத்தக் கப்பல்களுக்கும் போட ஆரம்பிச்சாங்க. ஆக கந்தகம் கலந்த அந்த வெள்ளை லேசா மஞ்சளடிச்சுதான் இருந்திருக்கும். செட்டுல இருந்த ஓக்கரை ரெண்டே சொட்டு விட்டேன், கலர் கரெக்டா உக்காந்துடுச்சு. இந்த ஓக்கர் பாட்டிலை ஞாபகம் வெச்சுக்கோங்க.

நீர்மட்டக் கோடு போடறதுக்கு பென்சிலை ஒரு மரக்கட்டை மேல சரியான உயரத்துல கட்டி, சமமான மேஜைல கப்பலை அசையாம நிக்கவெச்சு, கட்டையைச் சுத்தி நகர்த்திக்கிட்டே வரணும். கட்டருக்குப் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும், பிளான் பாத்து அந்தச் சாய்வுலயே வெக்கலேன்னா கோடு தப்பாதான் போகும். இது செட்டோட பிரச்சனை இல்ல, ஆனா டேப் செட்டோட பிரச்சனை. கூட வந்த டேப்பை ஒட்டி கருப்பு அடிச்சு உரிச்சுப் பாத்தா, கோடே இல்ல, பூரான் கால் மாதிரி அடில கசிஞ்சு போயிருக்கு. தூக்கிப் போட்டுட்டு தமியா மஞ்சள் டேப் வாங்கினேன். ஓரத்தை நகத்தால அழுத்தி, டேப் ஓரத்துல முதல்ல அடிக் கலரையே, அதாவது வெள்ளையையே ஒரு தடவை பூசிடணும், கசியறது அந்த வெள்ளையாவே இருக்கறதால கண்ணுக்குத் தெரியாது, இடுக்கும் அடைபட்டுடும். அப்புறம் கருப்பு. பெயிண்ட் முழுசா இறுகறதுக்கு முன்னாடியே டேப்பைத் தன் மேலயே மடிச்ச மாதிரி மெதுவா இழுக்கணும். கத்தி வெச்சு வெட்டின மாதிரி கோடு வந்துச்சு, அன்னிக்கு ராத்திரி அதை மட்டும் நாலு தரம் லைட் போட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தேன்.

சிவப்பு? தீயணைப்பு வண்டி சிவப்பு. கப்பலுக்குள்ள அடிச்சது இரும்பு ஆக்சைடு மண் சிவப்பு, ரெட் ஓக்கர், செங்கல் பொடி மாதிரி மங்கலா இருக்கும். ரத்தம் தெரியாம இருக்கறதுக்காக உள்ள சிவப்பு அடிச்சாங்கன்னு ஒரு கதை எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைல அந்த மண் கலர் மலிவு, வெயில் மழைக்கு நிக்கும், அவ்வளவுதான். பாட்டில் சிவப்போட இன்னொரு வினை என்னன்னா அடி மரம் அப்படியே தெரியுது, பளிச்சுனு இருக்கற சிவப்பு நிறைய அப்படித்தான், எத்தனை கோட் போட்டாலும் மூடாது. அதுல பிரவுன் கொஞ்சம், ஓக்கர் கொஞ்சம் கலந்ததும் நிறமும் சரியாச்சு, மூணாவது கோட்லயே மரமும் மறைஞ்சுடுச்சு. மறுபடியும் ஓக்கர்.

கருப்பு நல்ல பெயிண்ட்தான், நல்லா மூடும், ஆனா அட்டக் கருப்பு. சின்ன மாடல்ல அட்டக் கருப்பு அடிச்சா ஓட்டை மாதிரி தெரியும். 1:64 கப்பலை ஒரு அடி தூரத்துல வெச்சுப் பாக்கறது நிஜக் கப்பலை 64 அடி தள்ளி நின்னு பாக்கற மாதிரி, அவ்வளவு தூரத்துல எந்தக் கலரும் கொஞ்சம் வெளுத்துதான் தெரியும். அதனால துளி வெள்ளை, துளி பிரவுன் சேர்த்தேன். பிரவுன் பாட்டிலுக்கு இந்த ரெண்டு இடத்துலதான் வேலை.

மஞ்சள் கோட்டுக்கு மட்டும் ஓக்கரை எதுவும் கலக்காம அப்படியே அடிச்சேன், ரெண்டே கோட், பட்டு மாதிரி விழுந்துச்சு. மண் பிக்மென்ட் நல்லா மூடும், அதான் காரணம்னு நினைக்கறேன். பழைய கப்பலோட மஞ்சள் எதுன்னு அடிச்சுக்கறவங்களுக்கு ஒரு செய்தி: பிரிட்டன்ல இன்னும் பாதுகாத்து வெச்சிருக்கற பழைய போர்க்கப்பல் விக்டரியோட பெயிண்ட் அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ச்சி பண்ணி 2015ல புதுசா அடிச்சப்போ, அத்தனை வருஷம் எல்லாருக்கும் பழக்கமான அந்த அழுத்தமான மஞ்சள் போயி, லேசா ரோஸ் கலந்த வெளிறின நிறம் வந்துச்சு. நிஜக் கப்பலுக்கே அந்தக் கதி, அதனால என் மஞ்சளைப் பாத்து யாரும் கேள்வி கேக்க வராதீங்க.

இப்ப வால்நட் ஸ்டெயின். இதுக்குத்தான் ஒரு ஸ்டாரைப் பிடுங்கறேன். வேலுக்கு மேல இருக்கற பலகைக்கு அடிச்சேன், பாஸ்வுட் சில இடத்துல குடிச்சு சில இடத்துல குடிக்காம தேமல் வந்த மாதிரி ஆயிடுச்சு. அது போதாதுன்னு வெள்ளைப் பசை கசிஞ்ச இடமெல்லாம் வெளுப்பா புள்ளி புள்ளியா நிக்குது, பசை மேல ஸ்டெயின் ஏறாதுல்ல. தேச்சு எடுக்கலாம்னா மேல் பலகையே 1 மில்லிமீட்டர் கூட இல்ல, அழுத்தித் தேச்சா கீழ் லேயர் எட்டிப் பாக்கும். ரெண்டு வாரம் சின்ன ஸ்க்ரேப்பர் வெச்சு சுரண்டினேன், முதுகு போச்சு. ஸ்டெயினோ வார்னிஷோ போடறதுக்கு முன்னாடி மரத்தை மினரல் ஸ்பிரிட்ல (பெயிண்ட் கரைக்கற தின்னர் மாதிரி ஒண்ணு) ஒருதரம் நனைச்சுப் பாருங்க, பசைப் புள்ளியெல்லாம் அப்பவே காட்டிக் குடுத்துடும், ஸ்பிரிட் ஆவியாப் போயிடும், நார் எழும்பாது. கடைசில ஸ்டெயினே போடல, சும்மா மரமாவே விட்டேன், அதுதான் அழகா இருக்கு.

கிளாஸ் வார்னிஷ் பத்தி ரொம்பப் பேச ஒண்ணுமில்ல. புது பிளாஸ்டிக் பொம்மை மாதிரி மினுக்குது. டெக்ல ஒரு ஓரமா போட்டுப் பாத்தேன், கல்லு வெச்சுத் தேச்சுத் தேச்சு வெளுத்துப்போன கப்பல் டெக் எங்க, இந்தப் பளபளப்பு எங்க. மூடிவெச்சுட்டேன்.

அதுக்குப் பதிலா நான் வெளில வாங்கினது ரெண்டு: மெழுகு நீக்கின ஷெல்லாக், சாட்டின் வைப்-ஆன் பாலி (துணியால துடைச்சுப் பூசற, மினுக்கு கம்மியான பாலியூரித்தேன் வார்னிஷ்). செட்டைத் திட்டற அளவுக்கு இந்த ரெண்டையும் பாராட்டணும். ஷெல்லாக்னா வேற ஒண்ணுமில்ல, நம்ம அரக்குதான், ஒரு பூச்சி மரக்கிளைல சுரந்து வெக்கறது. பாண்டவங்களுக்குக் கட்டின மாளிகை ஞாபகம் வந்தா நல்லது, ஏன்னா இதைக் கரைக்கறது ஆல்கஹால்ல, பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது. தண்ணி மாதிரி மெல்லிசா கரைச்சு ஒரு கோட் போட்டா அரை மணிக்குள்ள காஞ்சுடும், அதுதான் மேல சொன்ன சீலர். இதுக்கு மேல அக்ரிலிக்கும் ஒட்டும், பாலியும் ஒட்டும், மெழுகு இருக்கற ஷெல்லாக்னா பாலி சரியா ஒட்டாது, அதனால டப்பால பாத்து வாங்குங்க. தப்பா போச்சுன்னா ஆல்கஹால் தொட்ட துணியால துடைச்சுடலாம், நாலாவது மாசம் ஒட்டினதைப் பிரிக்க நினைக்கற என்னை மாதிரி ஆளுக்கு இந்த குணம் ரொம்ப முக்கியம். மழை ஈரம் அதிகமா இருக்கற நாள்ல மட்டும் போடாதீங்க, பால் ஊத்தின மாதிரி வெளுத்துடும்.

வைப்-ஆன் பாலியை நார் விடாத துணில தொட்டுத் துடைக்கறது, பிரஷ்ஷே வேண்டாம், பிரஷ் கோடும் இல்ல. டப்பாவைக் குலுக்காதீங்க, குலுக்கினா குமிழி வரும், அடில உக்காந்திருக்கற மேட் பொடியைக் குச்சியால கலக்குங்க, கலக்காம மேல இருக்கறதை மட்டும் எடுத்தா சாட்டினும் கிளாஸ் மாதிரிதான் வரும். ஒரு ராத்திரி விட்டு 400 பேப்பர்ல லேசா ஒரு தடவல், மறுபடி ஒரு கோட், எனக்கு மூணு கோட் போதுமா இருந்துச்சு. எண்ணெய் பேஸ் பாலி லேசா தேன் நிறம் ஏத்தும், மரத்துக்கு அது ஜோரு, வெள்ளைக்கு ஆகாது, அதனால அடி வெள்ளைக்கு மட்டும் தண்ணி பேஸ் மேட் வார்னிஷ். துடைச்ச துணியை மட்டும் சுருட்டிக் குப்பைல போட்டுடாதீங்க, எண்ணெய் காயறப்போ சூடு வரும், சுருட்டின துணில அந்தச் சூடு தேங்கி தானே தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போடுங்க, இல்லேன்னா தண்ணில முக்கி வைங்க.

மிச்சம் மீதி: பிரஷ் ரெண்டும் முடி கொட்டுது, வெள்ளைக்குள்ள ஒரு முடி இன்னும் சமாதியா இருக்கு, எந்த இடம்னு எனக்கு மட்டும் தெரியும். கப்பலோட பீரங்கியெல்லாம் ஈய வார்ப்பு, பிரைமர் இல்லாம கருப்பு அடிச்சா நகம் பட்டாலே உரியுது, இதுவும் எங்கயும் எழுதல. நீல பாட்டிலை நான் திறக்கவே இல்ல.

5க்கு 2 ஸ்டார், அந்த ரெண்டும் ஓக்கருக்கு. அந்த பாட்டில் இப்ப காலி, அடுத்த கப்பலுக்கு வேணும், தனியா அது மட்டும் குடுப்பீங்களான்னு அவங்களுக்கு எழுதிக் கேட்டேன். செட்டாதான் வாங்கணுமாம்.