சபைப் பாடலை நடத்த கீபோர்டா, கிட்டாரா?

ஒருவரோ இருவரோ மட்டும் வாசித்து ஆராதனை நடத்தும் சபைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது கீபோர்டு. டிரம்ஸ், பேஸ், லீட் என்று முழு பேண்ட் இருக்கும் இடத்தில் இந்தக் கணக்கு மாறலாம். ஒரே வாத்தியத்தை நம்பி சபை பாடுகிற இடத்தைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

கிட்டாரின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தோளில் மாட்டிக்கொண்டு எங்கும் போகலாம், கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது, சபையாரின் முகத்தைப் பார்த்தபடியே நடத்தலாம். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் வாலிபர் முகாமுக்கும் அதை மிஞ்ச எதுவும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சபை பாடப் பாட வேகம் குறையும். கிட்டாரில் அழுத்தமான டவுன் ஸ்ட்ரோக் (மேலிருந்து கீழே மீட்டுவது) அதை இழுத்துப் பிடிக்கும். கீபோர்டில் வெறும் ஸ்ட்ரிங்ஸ் ஒலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அது நடக்காது. பியானோ ஒலியில் இடது கை தாளத்தைத் தட்டிக் கொடுத்தால்தான் பாட்டு நகரும்.

இவ்வளவு இருந்தும் கீபோர்டு பக்கம் சாயக் காரணம் ஸ்கேல், அதாவது பாட்டு எந்தச் சுருதியில் அமைகிறது என்பது.

ஒலிப்பதிவில் கேட்கும் பாட்டு பெரும்பாலும் பயிற்சி பெற்ற ஒரு பாடகரின் குரலுக்கு அமைந்தது. பயிற்சி இல்லாத சபையாரின் குரல் சிரமமில்லாமல் போகும் எல்லை, நடு சி-க்குக் கீழே உள்ள ஏ முதல், நடு சி-க்கு ஒரு ஸ்தாயி மேலே உள்ள சி-யை அடுத்த டி வரை. இது பெண் குரலுக்கான கணக்கு. ஆண்கள் ஒரு ஸ்தாயி கீழே அதையே பாடுவார்கள். மேல் டி-யைத் தாண்டிப் போய் அங்கேயே நிற்கிற பாட்டில், பல்லவியில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் ஸ்கேலை முதல் ஸ்வரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பாட்டின் உச்ச ஸ்வரத்தைத் தேடிப் பிடித்து அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓர் உதாரணம். பாட்டு டி மேஜரில் இருக்கிறது, உச்சம் மேல் எஃப் ஷார்ப். அதை டி-க்குக் கொண்டுவர நான்கு அரைக்கட்டை (கறுப்பு, வெள்ளை இரண்டையும் எண்ணினால் நான்கு கட்டை) இறக்க வேண்டும். ஸ்கேல் பி ஃப்ளாட் ஆகிவிடும். இறக்கிய பிறகு கீழ் ஸ்வரத்தையும் ஒருமுறை பாடிப் பாருங்கள். அது கீழ் ஏ-க்கும் அடியில் போனால் ஓர் அரைக்கட்டை திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். உச்சம் ஒரே ஒரு இடத்தில் தொட்டுவிட்டு இறங்குகிற பாட்டென்றால் மேல் இ-ஐக்கூடச் சபை தாங்கும்.

இதைக் கிட்டாரில் செய்வதற்கு கேப்போ வேண்டும், அதாவது கழுத்தில் ஒரு ஃபிரெட்டை (உலோகக் கோட்டை) ஒட்டி எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப். கேப்போ சுருதியை ஏற்றத்தான் செய்யும், இறக்காது. ஆகவே பி ஃப்ளாட்டுக்கு மூன்றாம் ஃபிரெட்டில் கேப்போ போட்டு ஜி ஸ்கேல் கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) வாசிக்க வேண்டும். தாளில் டி, ஏ, பி மைனர், ஜி என்று இருந்தால் விரல் ஜி, டி, இ மைனர், சி-க்குப் போக வேண்டும். பழகியவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆராதனை நடுவில், "இன்றைக்குக் குரல்கள் எழும்பவில்லை, அரைக்கட்டை இறக்கு" என்றால்தான் சிக்கல். கேப்போ இல்லாமல் டி-யில் வாசித்துக்கொண்டிருப்பவர் முதல் ஃபிரெட்டில் கேப்போ போட்டு சி கார்டுகளுக்கு மாற வேண்டும். ஜி இருந்த இடத்தில் எஃப் வந்து நிற்கும், புதியவர் அங்கேயே தடுமாறுவார். கேப்போவை நகர்த்தினால் சுருதியும் அசையும். ஃபிரெட்டை ஒட்டிப் போடாமல் நடுவில் போட்டாலோ, அழுத்தம் அதிகமானாலோ தந்திகளின் சுருதி சற்று ஏறிவிடும். மறுபடி ட்யூன் செய்ய வேண்டும். ஜெபம் ஓடிக்கொண்டிருக்கையில் அந்த "டொய்ங்" சத்தம் எல்லோருடைய கவனத்தையும் கலைக்கும்.

கீபோர்டில் ஒலியை மட்டும் ஏற்றி இறக்கும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் ஒன்றே போதும்: மைனஸ் நான்கு, விரல்கள் டி-யிலேயே இருக்கும். ஆனால் அந்த பட்டன்தான் கீபோர்டின் பெரிய கண்ணியும். அடுத்த பாட்டுக்குப் போகும்போது அதைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறந்தால், முன்னிசை முடிந்து சபை வாயைத் திறக்கும்போதுதான் தவறு தெரியும். ஆகவே தாளின் தலைப்பில் பாட்டுப் பெயருக்குப் பக்கத்தில் இரண்டையும் எழுதுங்கள்: "விரல் டி, ஒலி பி ஃப்ளாட், −4". கை கட்டைகளில் இருக்கும்போது பட்டனைத் தொடாதீர்கள். உடன் பேஸ் வாசிப்பவர் இருந்தால் அவர் உங்கள் விரலைப் பார்த்து வாசிப்பார். ஒலிக்கிற ஸ்கேலை அவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள்.

பட்டனையே நம்பியிருக்காமல் சி, டி, இ, எஃப், ஜி, ஏ ஆகிய ஆறு ஸ்கேல்களையும் கைக்குக் கொண்டுவருவது நல்லது. கார்டுகளை எழுத்தால் எழுதாமல், ஸ்கேலில் அது எத்தனையாவது ஸ்வரத்தில் தொடங்குகிறது என்ற எண்ணால் எழுதினால் இது சுலபம். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நாஷ்வில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பாடகர் நீல் மேத்யூஸ் ஜூனியர் உருவாக்கிய முறை இது. 1, 5, 6 மைனர், 4 என்று ஒருமுறை எழுதி வைத்தால் டி-யில் அது டி, ஏ, பி மைனர், ஜி. பி ஃப்ளாட்டில் பி ஃப்ளாட், எஃப், ஜி மைனர், இ ஃப்ளாட். எந்த ஸ்கேலுக்குப் போனாலும் தாள் மாறாது.

பாட்டுக்கும் பாட்டுக்கும் இடைவெளியிலும் கீபோர்டு கைகொடுக்கிறது. கிட்டார் ஒலி மீட்டிய உடனே தேயும், கீபோர்டின் பேட் ஒலி (நீண்டு நிற்கும் மென்மையான ஒலி) விரலை எடுக்கும்வரை நிற்கும். டி-யில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது ஜி என்றால், டி கார்டைப் பிடித்தபடியே இருங்கள். ஜி-க்கு அதுதான் ஐந்தாம் கார்டு, நேரே இறங்கலாம். அடுத்தது இ என்றால், அதன் ஐந்தாம் கார்டான பி மேஜரை ஒரு பார் (ஒரு தாளச் சுற்று) பிடித்துவிட்டு நுழையுங்கள். அதோடு, புதுப் பாட்டுச் சொல்லித்தரும்போது முதல் சரணம் முழுவதும் வலது கையால் மெட்டையே வாசிக்கலாம். ஸ்ட்ரம் செய்கிற கிட்டார் கார்டை மட்டும்தான் கொடுக்கும், மெட்டைக் குரல்தான் சுமக்க வேண்டும். நான்கு குரலில் எழுதப்பட்ட பாமாலைகளும் கட்டை வாத்தியத்தில்தான் முழுதாய் ஒலிக்கும்.

பராமரிப்பு இரண்டுக்கும் உண்டு. கிட்டாரில் புதுத் தந்தி இழுபட்டு சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதால், ஆராதனைக்கு இரண்டு நாள் முன்பே மாற்றிவிட வேண்டும். பிக்கப்புக்கு 9 வோல்ட் பேட்டரி என்றால் உபரியாக ஒன்று பையில் இருக்கட்டும். மைக்கிலோ பிக்கப்பிலோ ஊளைச் சத்தம் வந்தால் பெரும்பாலும் அது 100 முதல் 200 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும் கிட்டார் உடலின் அதிர்வு. மிக்சரில் அந்த இடத்தை மட்டும் குறையுங்கள், இல்லையென்றால் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள். கீபோர்டில் அடாப்டர் முனை தளர்வதும் சஸ்டைன் பெடல் (மிதித்தால் ஒலியை நீட்டும் பெடல்) தலைகீழாக வேலை செய்வதும்தான் வழக்கமான கோளாறுகள். பெடலை முதலில் செருகி, அதில் கால் வைக்காமல், பிறகு பவரைப் போட்டால் பல கீபோர்டுகளில் இரண்டாவது வராது. ஒரே ஒயரில் மிக்சருக்குப் போவதென்றால் "எல்/மோனோ" துளையில் செருகுங்கள். வலது துளையில் மட்டும் செருகினால் பியானோவின் கீழ்ப்பகுதி மெலிந்து கேட்கும்.

இரண்டையும் சேர்த்து வாசிக்கிற நாளில் இரண்டும் ஏ 440 ஹெர்ட்ஸில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கீபோர்டின் மாஸ்டர் ட்யூனிங்கை யாராவது 442-க்கு நகர்த்தியிருந்தால், கிட்டாரை ட்யூனரில் எவ்வளவு சரியாக வைத்தாலும் சேராது. தாளத்தைக் கிட்டாருக்கு விட்டுவிட்டு, கீபோர்டு நடு ஸ்தாயியில் நீண்ட கார்டுகளை மட்டும் பிடிக்கட்டும்.